காயாத சீட், கசியும் உப்பு

அந்தமானில் கார் சீட்டை வீட்டிலேயே கழுவிவிடலாம். காயவைப்பதில்தான் இருக்கிறது சாமர்த்தியம்.

ராதாநகர் கடற்கரையில் குளித்து எழும் சுற்றுலாப் பயணிகளுக்கு எப்போதும் அவசரம். ஹேவ்லாக் தீவின் (2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் த்வீப்) படகுத்துறையில் கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. துவட்டியும் துவட்டாமலும் டாக்ஸியில் ஏறி உட்காருகிறார்கள். டிரைவர் விரித்து வைத்த துண்டு முதல் வளைவிலேயே நழுவிக் கீழே போய்விடுகிறது. படகுத்துறையில் இறங்கும்போது அவர்கள் விட்டுச் செல்பவை மூன்று: வாடகை, ஒரு கைப்பிடி வெள்ளை மணல், சீட்டுக்குள் ஒரு டம்ளர் கடல். வாடகை அன்று மாலையே செலவாகிவிடும். மற்ற இரண்டும் மாதக்கணக்கில் தங்கும்.

கணக்கு எளியது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 200 மில்லி நீர் சீட்டில் ஊறிக் காய்ந்தால் 7 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குச் சற்று அதிகமான உப்பு, உள்ளே தங்குகிறது. தங்கிய உப்பு சும்மா இருப்பதில்லை. மழைக் காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைத் தமிழ் வீடுகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்காகத்தான் ஜாடிக்குள் நாலு அரிசியைப் போட்டு வைக்கிறார்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீராவியை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே அந்த வேலையை ஆரம்பித்துவிடுகிறது. போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது) ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியது. ஆக, ஒரு முறை கடல்நீர் குடித்த சீட் பகலில் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் ராத்திரியில் தானாகவே நனைந்துகொள்ளும். யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

சென்னையிலோ மதுரையிலோ சொல்லப்படும் யோசனை, கொஞ்சம் ஷாம்பு, ஒரு பிரஷ், அரை நாள் வெயில் என்பது, இங்கே பாதி வழிதான் வரும். சென்னைக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் மழை ஏறக்குறைய 1,400 மி.மீ. போர்ட் பிளேருக்கு சுமார் 3,000. தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கும். அது ஓய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து டிசம்பர் வரை நீளும். நிச்சயமான வெயில் என்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். ஆனால் அந்த மாதங்களில்தான் நகரத்தில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு. தனிக்காரி அணையின் மட்டம் இறங்க இறங்க, குழாயில் தண்ணீர் வரும் நாட்களின் இடைவெளி அதிகரிக்கும். தண்ணீர் இருக்கும்போது வெயில் இல்லை, வெயில் இருக்கும்போது தண்ணீர் இல்லை. தீவுக்காரர்கள் சீட் கழுவுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவது முழுக்கச் சோம்பேறித்தனத்தால் அல்ல.

தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. ஈரம் விடாத துணியிலும் ஃபோமிலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வேர்விடத் தொடங்கிவிடலாம். ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் போன்ற வகைகள் எல்லா ஊர்க் காற்றிலும் மிதப்பவை. அவற்றுக்குத் தேவை ஈரமும் கொஞ்சம் அழுக்கும்தான். வியர்வை, தலைமுடி எண்ணெய், பிஸ்கட் தூள் என்று எல்லாம் சீட்டில் தயாராக இருக்கின்றன. ஆஸ்துமாவும் அலர்ஜியும் உள்ளவர்களுக்குப் பூஞ்சை வித்துகள் தும்மல், மூச்சிரைப்பு, கண் எரிச்சலைக் கிளப்பும். பயணிக்கு அது அரை மணி நேரத் தொல்லை. டிரைவருக்கு அப்படியில்லை. கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டுக்கொண்டு நாள் முழுக்க அதே காற்றைச் சுவாசிப்பவர் அவர். ஏறியவுடன் மூக்கைச் சுளிக்கும் பயணி அடுத்த நாள் வேறு வண்டியைக் கூப்பிடுவார் என்பது தனிக் கவலை.

அம்பாசிடர், பத்மினி காலத்து ரெக்ஸின் சீட்டுகளுக்கு இந்த வியாதி அதிகம் கிடையாது. ஈரத் துணியால் ஒரு துடைப்பு, முடிந்தது. இன்றைய துணி சீட் அடுக்கடுக்கானது. மேலே பாலியெஸ்டர் துணி, அதன் முதுகில் ஒட்டிய மெல்லிய ஸ்பாஞ்சு, அதற்கும் கீழே கனமான பாலியூரித்தேன் ஃபோம், அடியில் இரும்புச் சட்டம். பாலியெஸ்டர் இழை தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. அதனால் துணி சீக்கிரம் உலர்ந்துவிடும். கையை வைத்துப் பார்ப்பவர் ஏமாறுவது இங்கேதான். தண்ணீர் முழுவதும் கீழே ஃபோமில் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து வெளியேற அதற்கு நாட்கள் ஆகும். அதற்குள் சட்டம் துருப்பிடிக்க ஆரம்பிக்கும்.

எனவே வேலையின் முதல் பாதி தண்ணீரே இல்லாமல் நடக்க வேண்டும். தீவின் வெள்ளை மணல் பெரும்பாலும் பவளமும் சிப்பியும் நொறுங்கி உண்டானது. கூரான அந்தத் துகள் துணி இழைகளை அறுக்கும். நனைந்தால் தையல் வழியாகக் கீழே இறங்கிவிடும். பவளத் துண்டைத் தீவிலிருந்து எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம். கால்சட்டையோடு ஒட்டிக்கொண்டு சீட்டுக்குக் குடிபெயரும் பவளத்தை எந்தச் சட்டம் தடுக்கும்? மிதியடிகளை எடுத்துவிட்டு, சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, தையல் மடிப்புகளை விரலால் பிரித்து, வாக்குவம் கிளீனரின் ஒடுக்கமான மூக்கால் உறிஞ்ச வேண்டும். சீட்டின் முதுகை உள்ளங்கையால் தட்டினால் இன்னொரு தவணை மணல் மேலே வரும். அதையும் உறிஞ்சி, மறுபடி தட்ட வேண்டும். மணல் வருவது நின்ற பிறகுதான் வாளிப் பக்கம் போகலாம். இந்தக் கட்டத்துக்கு ஒரு மணி நேரம் செலவிட்டாலும் தகும்.

பெரும்பாலான சிறிய கார்களில் பின்சீட்டின் உட்காரும் பகுதி இரண்டு கிளிப்புகளில்தான் மாட்டியிருக்கும். மேல்நோக்கி இழுத்தால் கழன்று வந்துவிடும். கழற்ற முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மொட்டைமாடிக்கே கொண்டு போய்விடலாம். முன்சீட் விஷயம் வேறு. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது பெரும்பாலும் சீட்டின் தோள்பகுதிக்குள்தான் இருக்கும். பயணி சீட்டுக்கு அடியில் ஆள் உட்கார்ந்திருப்பதை உணரும் சென்ஸார் இருக்கலாம். சீட்டுக்குக் கீழே மஞ்சள் நிற உறையுடன் ஒயர் தெரிந்தால் அது ஏர்பேக்குக்குப் போகிற ஒயர். அதைப் பிடுங்குவதோ நனைப்பதோ கூடாது. முன்சீட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் மெக்கானிக்கிடம் போவதுதான் புத்திசாலித்தனம். வீட்டில் செய்யும்போது அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும், தண்ணீர் குறைவாகப் படட்டும்.

அடுத்தது உப்பு. பலரும் தவறவிடும் படி இது. நேரே ஷாம்புக்குப் போய்விடுகிறார்கள். நுரையால் அழுக்கு போகும். உப்பு போக வேண்டுமென்றால் அது நல்ல தண்ணீரில் கரைந்து துணியோடு வெளியே வந்தாக வேண்டும். இதற்கு மழைநீரைவிட உசத்தி எதுவுமில்லை: அதில் உப்பும் இல்லை, கடினத்தன்மையும் இல்லை. கூரை நீரை டிரம்மில் பிடித்து வைக்கும் வீடுகளில் செலவும் இல்லை. வெதுவெதுப்பான மழைநீரில் வெள்ளைப் பருத்தித் துணியை, பழைய வேட்டித் துண்டு போதும், நனைத்து நன்றாகப் பிழிந்து சீட்டின் மேல் அழுத்தி வைக்க வேண்டும். தேய்க்க வேண்டாம். அரை நிமிடம் கழித்து எடுத்து, வேறொரு காய்ந்த துணியை அதே இடத்தில் முழங்கையால் அழுத்தினால் கரைந்த உப்பும் பழுப்பு நீரும் அதில் ஏறும். இப்படி மூன்று நான்கு சுற்று. ஈரத்தை உறிஞ்சும் வகை வாக்குவம் கிளீனர் கிடைத்தால் இந்த வேலை கால்வாசியாகும். உப்பும் இன்னும் ஆழத்திலிருந்து வரும். ஹோஸ் பைப் மட்டும் வேண்டவே வேண்டாம். பைப்பால் அடித்த தண்ணீர் ஃபோமின் அடி வரை போய், உப்பையும் கூடவே அழைத்துச் செல்லும்.

அதன் பிறகுதான் நுரை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் மென்மையான திரவ சோப்பு போதும். துணி சோப்பைச் சீவிப் போடும் பழக்கம் இங்கே உதவாது. உப்பு மிச்சமிருந்தால் அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்து வெள்ளைப் பிசுக்காகப் படியும். கழுவியதற்குப் பிறகு சீட் முன்னைவிட மோசமாகத் தெரியும். கரைசலை ஸ்பாஞ்சால் அடித்து நுரையாக்கி, அந்த நுரையை மட்டும் மென்மையான பிரஷ்ஷில் எடுத்து, வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் சீட்டின் அடிப்பக்கம் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் சாயம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடலாம். கறை இருக்கும் இடத்தை மட்டும் நனைத்தால் காய்ந்த பிறகு அதைச் சுற்றி ஒரு வட்டக் கோடு நிற்கும். ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை முழுத் துண்டையும் சேர்த்தே துடைப்பதுதான் வழி. கடைசியில் மழைநீர்த் துணியால் இரண்டு சுற்று ஒற்றி எடுத்தால் சோப்பும் வெளியேறிவிடும். தங்கிப்போன சோப்பு பசைபோல் தூசியைப் பிடிக்கும். ஒரே மாதத்தில் சீட் பழையபடி ஆகிவிடும்.

தீவுக் கறைகள் சிலவற்றுக்குத் தனி மருந்து உண்டு. ஜங்லிகாட்டில் வாங்கிய மீன் பையிலிருந்து ஒழுகிய நீரின் வாடை சோப்புக்கு மசியாது. அந்த வாடைக்குக் காரணம் அமீன்கள் என்னும் காரப் பொருட்கள். புளிப்பு பட்டால் அடங்கும். மீனைப் புளித்தண்ணீரில் அலசும் அதே தர்க்கம்தான். ஆனால் சீட்டில் புளி போட்டால் அது வேறு கறை. ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றி, பிறகு வெறும் தண்ணீரால் ஒற்றினால் போதும். தலைசாயும் இடத்தில் படியும் தேங்காய் எண்ணெய்க்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. டிரங்க் ரோடின் வளைவுகளில் குழந்தைகள் எடுக்கும் வாந்திக்கு, முதலில் வழித்தெடுத்து, குளிர்ந்த தண்ணீரால் ஒற்றி, ஈரத்தின் மேல் சமையல் சோடாவைத் தூவி, காய்ந்ததும் உறிஞ்சி எடுக்க வேண்டும். ரத்தக் கறைக்கும் குளிர்ந்த தண்ணீர்தான். சுடுநீர் அதை நிரந்தரமாக்கிவிடும். வெற்றிலைப் பாக்குக் கறையும் இளநீர் மட்டையின் கறையும் மகா பிடிவாதமானவை. சூட்டோடு சூடாகக் கழுவினால் உண்டு. காய்ந்துவிட்டால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடை வெளிர்நிறத் துணியில் சோதித்துப் பார்க்கலாம். கறை மங்கும், முழுதாகப் போகும் என்ற உறுதி இல்லை.

பிளீச்சிங் திரவத்தை மட்டும் கார்ப் பக்கமே கொண்டுவரக் கூடாது. சாயத்தைத் தின்னும், இழையைக் கெடுக்கும் என்பதோடு, வினிகரோடோ கழிப்பறை ஆசிட்டோடோ கலந்தால் குளோரின் வாயு வரும். கதவு மூடிய காருக்குள் அது உயிருக்கே ஆபத்து.

இனிதான் அசல் சோதனை: காயவைப்பது. இங்கே தீவின் கடிகாரத்தை மறந்துவிடக் கூடாது. அந்தமான் வங்காள விரிகுடாவின் கிழக்குக் கோடியில் இருந்தாலும் கடிகாரம் இந்திய நேரத்தையே காட்டுகிறது. கோடையில் காலை 5 மணிக்கே சூரியன் எழுந்துவிடும்; டிசம்பரில் மாலை 5 மணி சுமாருக்கே மறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக எழுந்து, காபி குடித்து, 11 மணிக்கு வாளியோடு வருபவருக்கு மிஞ்சும் வெயில் நாலைந்து மணி நேரம்தான். விடியற்காலையில் ஆரம்பித்து 8 மணிக்குள் ஈர வேலையை முடித்துவிடுவது உத்தமம். மாதம் எது என்று கேட்டால், டிசம்பர் கடைசியும் ஜனவரியும். மழை ஓய்ந்திருக்கும், அணையிலும் டிரம்மிலும் தண்ணீர் இருக்கும்.

வெயில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் ஈரமான ஊரிலும் அதை வசப்படுத்தலாம். 25 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் கொண்ட காற்றை 40 டிகிரிக்குச் சூடேற்றினால், அதே காற்றின் ஈரப்பதம் சுமார் 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நீராவி எங்கும் போகவில்லை; சூடான காற்றுக்கு இன்னும் குடிக்கும் தாகம் வந்திருக்கிறது. வெயிலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிய கார் இந்தச் சூட்டை இலவசமாகத் தருகிறது. ஆனால் மூடியே வைத்தால் சீட் விட்ட ஈரம் கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து, மாலையில் திரும்பச் சீட்டுக்கே போய்ச் சேரும். அரை மணி மூடி வைப்பது, பிறகு நான்கு கதவையும் விரியத் திறந்து பத்து நிமிடம் மேஜை மின்விசிறியை ஓடவிடுவது, மறுபடி மூடுவது என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கழற்றிய பின்சீட்டைப் படுக்கப் போடாமல் சுவரில் சாய்த்து நிறுத்தினால் அடிப்பக்கமும் காற்று வாங்கும். மேகம் கூடிவிட்டால் ஏ.சி.தான் கைகொடுக்கும். ஏ.சி. காற்றைக் குளிரவைக்கும்போதே அதன் ஈரத்தையும் பிழிந்து வெளியே சொட்டவிடுகிறது. இன்ஜின் ஓடும் வண்டி திறந்தவெளியில் நிற்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் புகையிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு ஆளைக் கொன்றுவிடும்.

காய்ந்ததா என்று கை சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு பாலிதீன் தாளைச் சீட்டின் மேல் விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டி, ராத்திரி விட்டுவிட வேண்டும். காலையில் தாளின் அடியில் நீர்த்துளி பனித்திருந்தால் ஃபோம் இன்னும் ஈரம், அல்லது உப்பு இன்னும் மிச்சம். இரண்டு நாள் நல்ல வெயிலுக்குப் பிறகும் பனிக்கிறது என்றால் பெரும்பாலும் உப்புதான் குற்றவாளி. மழைநீர் ஒற்றலை இன்னொரு சுற்று செய்தாக வேண்டும்.

இதே காரணத்தால், புதுக் கார் வாங்கியவர்கள் கம்பெனி போட்டுக் கொடுத்த பாலிதீன் உறையைப் பல மாதம் கழற்றாமல் பாதுகாப்பது இந்த ஊரில் எதிர்விளைவையே தரும். சென்னையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய வண்டி என்பதால் பாசம் அதிகமாக இருப்பது நியாயம்தான். ஆனால் உறைக்குக் கீழே சிக்கிய ஈரத்துக்கு வெளியேற வழி கிடையாது. துணி சீட்டின் மேல் இறுக்கமாக மாட்டும் ரெக்ஸின் கவரிலும் இதே கதை. மேலே பளபளப்பு, கீழே கறுப்புப் புள்ளிகள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டில் அப்படிப்பட்ட கவர் ஏர்பேக் விரிவதையே தடுத்துவிடலாம். வாடையை மறைக்கப் பாச்சை உருண்டை போடுவதும் வேண்டாத வேலை. நாப்தலின் ஆவி மூடிய காரில் தலைவலி தரும். ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ரத்த அணுக்களையே சிதைக்கக் கூடியது. அரசு கார்களில் அதிகாரிகள் சீட்டுக்கு வெள்ளை டர்க்கி டவல் விரிக்கும் பழைய சம்பிரதாயத்தைக் கேலி செய்பவர்கள் உண்டு. தீவுக் காருக்கு அதைவிடப் பொருத்தமான கவர் கிடையாது: வியர்வையையும் கடல்நீரையும் அது குடிக்கும், சாயங்காலம் உருவித் துவைத்துவிடலாம். சீட்டின் இடுக்கில் செருகிக் கட்டினால் நழுவாது. டிக்கியில் ஒரு கேன் நல்ல தண்ணீர் வைத்திருந்து, வண்டியில் ஏறும் முன் பயணிகளைக் கால் கழுவச் சொன்னால் மணலும் பாதியாகும்.

வீட்டு வைத்தியம் செல்லாத இடமும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது தெற்கு அந்தமானில் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் புகுந்த கடல் திரும்பிப் போகவில்லை. அப்படிக் கடலுக்குள் மூழ்கி எழுந்த வண்டியின் சீட்டைத் துணியால் ஒற்றி மீட்க முடியாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் நின்ற கார்களின் நிலைமை இன்னொரு விதம். அது சாக்கடை கலந்த நீர். அதைக் குடித்த ஃபோமில் நோய்க் கிருமிகள் தங்கியிருக்கும். இரண்டிலும் துணியைக் கழற்றித் துவைக்கலாம், சட்டத்தைத் துரு சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம், ஃபோமை எறிந்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். சாதாரண ஃபோமைக் குஷன் கடைக்காரரே அளவெடுத்து வெட்டிக் கொடுப்பார். சீட்டுக்குள் ஏர்பேக் இருந்தால் வண்டி கம்பெனியின் சர்வீஸ் சென்டரிடம் ஒப்படைக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் இருந்தால் சீட்டைக் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்துத் தகவல் சொல்லிவிட வேண்டும்.